1986 ஃபியட்: துருவை வெட்டுவதா, வண்டியை விற்பதா?

2025 ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா போன் செய்தார். "டேய், இருபது வருஷத்துக்கு மேலான காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க இனிமே பத்தாயிரமாம். பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம வண்டிக்கு அடுத்த மே மாசம் வருது. நீ ஒரு தடவை வந்து வண்டியைப் பாரேன்."

பத்தாயிரம் ரூபாய் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. வலது பக்கக் கதவுக்குக் கீழே பெயிண்ட் பொங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இதற்கு மேலும் செலவு செய்து வைத்துக்கொள்ளத் தகுந்த வண்டிதானா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கட்டணத்தைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டார். நான் படித்தது மெக்கானிக்கல். துருவைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம் என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. எங்கே சரியாக யோசித்தோம், எங்கே ஏமாந்தோம் என்று இனி எழுதலாம்.

வண்டி வந்த வழி

1986 மே மாதம் பதிவான பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங்கிலேயே கியர். இத்தாலியின் ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் செய்து, 1970களில் பத்மினி என்று பெயர் வைத்து விற்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். சித்தப்பா அதை 1991-இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். ஸ்டீயரிங்கில் அவர் இடது கை பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். பாசக் கதை எல்லார் வீட்டு வண்டிக்கும் உண்டு என்பதால் இதோடு விடுகிறேன்.

துருவுக்குக் காரணமான வரலாறு 2015 டிசம்பரில் தொடங்குகிறது. அப்போது அவர்கள் சென்னை வேளச்சேரியில் இருந்தார்கள். வெள்ளம் சீட் மட்டம் வரை ஏறி, இரண்டு நாள் வண்டி அதிலேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், மூன்றாம் வாரம் வண்டி ஓடிவிட்டது. ஓடியதும் எல்லாருக்கும் நிம்மதி. வண்டியின் உடலுக்குள் போன சாக்கடைத் தண்ணீர் எங்கே தங்கியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

2016 மே மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி பளிச்சென்று நிற்க வேண்டும் என்று ஏப்ரலில் ஒரு பெயிண்டிங் ஷாப்பில் விட்டார்கள். டிங்கரிங், ஃபுல் பெயிண்ட், அண்டர் கோட்டிங் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். மாப்பிள்ளை மாதிரி வந்தது. 2018-இல் வீடு கொட்டிவாக்கத்துக்கு மாறியது. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும், அங்கே காயும் துணியிலேயே உப்பு ஏறும். 2021-இல் மறுபடி ஆர்.சி. புதுப்பித்தார்கள். அன்று கட்டணம் 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000.

தட்டிப் பார்த்தது

எடுத்துக்கொண்டு போனது ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்தினேன். தகரம் இருக்கிற இடத்தில் இழுக்கும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் நழுவி விழும். இரண்டு பின் மட்கார்டு விளிம்பிலும் விழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். வலது பக்கம் கதவுகளுக்கு அடியில் இருக்கும் நீளமான பகுதியில் முன்னாலிருந்து பின்னால் வரை எங்குமே ஒட்டவில்லை. அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஏறும்போது நம் கால் இடிக்கிற இடம் அது. பிறகு தகர வேலை செய்த எங்கள் டிங்கர் அதை ரன்னிங் போர்டு என்கிறார். பார்க்க ஒரு பட்டை மாதிரி இருந்தாலும் உள்ளே அது நீளமான ஒரு பெட்டி: வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவில் வெற்றிடம். அடியில் சிறு சிறு ஓட்டைகள் இருக்க வேண்டும், உள்ளே போன தண்ணீர் அந்த வழியாகத்தான் வடியும். படுத்துத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. 2016-இல் அடித்த தார் போன்ற அண்டர் கோட்டிங் எல்லா ஓட்டைகளையும் அடைத்திருந்தது. துரு வரக்கூடாது என்று காசு கொடுத்து அடித்த பூச்சு, உள்ளே போன தண்ணீரை ஒன்பது வருடம் பூட்டி வைத்திருக்கிறது.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரை அடியிலிருந்து அழுத்தினேன். குத்தவில்லை, அழுத்தத்தான் செய்தேன். கைப்பிடி வரை போய்விட்டது. சத்தமே இல்லை. வெளியே எடுத்ததும் ஈரமான துருத்தூள் முழங்கை வரை கொட்டியது.

இன்னொரு சோதனை இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே உள்ள சந்தில் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்தேன், தாராளமாக நகர்ந்தன. ரன்னிங் போர்டுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியை மெதுவாக ஏற்றினேன். இடது பக்கம் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியும் சந்து மாறவில்லை. வலது பக்கம் சக்கரம் எழும்புவதற்கு முன்பே நாணயங்கள் இறுகிக்கொண்டன. சித்தப்பா கதவைத் திறந்து பார்த்தார், திறக்கவில்லை. ஜாக்கியை இறக்கியதும் திறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இடம்தான் கணக்கு

பழைய ஜீப்பிலோ, ஒரு காலத்தில் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலோ அடியில் தனிச் சட்டம் (சேஸிஸ்) உண்டு. உடலை அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சட்டம் நன்றாக இருந்தால் மேலே ஓட்டை விழுந்தாலும் அவமானத்தோடு ஓட்டலாம். ஃபியட்டில் தனிச் சட்டம் கிடையாது, உடல்தான் சட்டம். கதவு வெட்டிய இடத்தில் பக்கச் சுவர் இல்லாததால் அங்கே வண்டி நடுவில் மடியாமல் பிடித்துக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு இந்த ரன்னிங் போர்டு பெட்டியுடையது. பக்கவாட்டில் யாராவது வந்து இடித்தாலும் அடியை முதலில் வாங்குவது அதுதான்.

அதனால் துரு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. பரிசோதனையில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் போன்றவை உடலோடு சேரும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் துரு தகட்டைப் பலவீனமாக்கியிருந்தால் வண்டி தேறாது. கதவின் நடுவில் ஓட்டை இருந்தால் அந்தக் கவலை இல்லை. நான் அந்த 30 செ.மீ.யைக் கடன் வாங்கிக்கொண்டேன். ஸ்கேலும் சாக்பீஸுமாக அடியில் படுத்து, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், முன் சஸ்பென்ஷன், இரண்டு ரன்னிங் போர்டுகள் என்று வட்டம் போட்டேன். வலது ரன்னிங் போர்டு முழுக்கப் போயிருந்தது. வலது பின் ஸ்பிரிங்கின் முன் முனையில் மேல்துரு, தட்டினால் 'டங்' என்று கெட்டியான சத்தம். இடது பக்கம் தப்பித்திருந்தது. டிரைவர் காலடித் தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்து, மழைத் தண்ணீர் ரப்பர் மேட்டுக்கு அடியில் இருந்த ஃபெல்ட்டில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

உப்புக்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. துருவுக்கு இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும், உப்பு தேவையில்லை. உப்பு இருந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகமெடுக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தும் வைத்துக்கொள்ளும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுப்பதால்தான் பெயிண்ட் பொங்குகிறது. ஜெர்மனியில் போர்ஷே 911-க்கு 1976 மாடலிலிருந்தே உடல் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்தார்கள். எங்கள் 1986 ஃபியட்டுக்கு வெறும் தகரமும் பெயிண்டும்தான்.

என்ன செய்யலாம்

விற்பதைப் பற்றி விசாரித்தோம். வெளியிலிருந்து பார்த்த ஒருவர் ஒரு லட்சம் என்றார். குனிந்து பார்த்த இன்னொருவர் நாற்பதாயிரத்துக்கு இறங்கினார். புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரித்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் போகும். எடைக்குப் போட்டால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு, அவ்வளவுதான்.

முழு ரெஸ்டோரேஷன் செய்யும் ஓர் இடத்தில் நாலரை லட்சம், எட்டு மாதம் என்றார்கள். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் ஹர்பால் சிங் சாவி வாங்கிய முதல் மாருதி 800, அவர் 2010-இல் காலமான பிறகு டெல்லியில் வீட்டு வாசலிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. கடைசியில் கம்பெனியே எடுத்துப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. அது முதல் கார், கம்பெனிப் பணம். எங்களுடையது பத்தோடு பதினொன்று.

இன்னொரு ஷாப்பில் வண்டியைத் தூக்காமலே முப்பதாயிரம் சொன்னார்கள். "ஓட்டையை அடைச்சு பட்டி பார்த்து அடிச்சிடலாம் சார், பத்து நாள்." சித்தப்பாவுக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. மே மாதம் தாண்டினால் போதும், இன்னும் பத்து வருடம் ஓட்டினால் ஐம்பது வயது, விண்டேஜ் பதிவு கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். (2021-இல் வந்த அந்த விதிப்படி விண்டேஜ் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. அவர் காய்கறி வாங்கப் போவதே அந்த வண்டியில்தான்.)

முடிச்சை அவிழ்த்தது சித்தி. காபி கொண்டு வந்தவர், "இதுல யார் யார் ஏறப் போறீங்க? ஸ்கூல்லேர்ந்து புள்ளைய இதுலதானே கூட்டிட்டு வரீங்க?" என்றார். நாணயம் இறுகியதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பேரன் ஏறுவதானால் ரன்னிங் போர்டை வெட்டிப் புதிதாக வைக்க வேண்டும், அது முடியாதென்றால் வண்டியை விட்டுவிட வேண்டும், பட்டி பூசுவது கிடையாது என்று அங்கேயே முடிவாயிற்று. பெயிண்ட், மட்கார்டு, பம்பர் எல்லாம் அப்படியே அசிங்கமாக இருக்கட்டும். அதற்கு ஒரு ரூபாய் கிடையாது.

வெட்டியதும் தெரிந்தது

நீலாங்கரையில் ஒரு பழைய டிங்கர் இருக்கிறார், அறுபது தாண்டியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மொத்த விலை கேட்டேன். "வெட்டாம சொல்ற விலை பொய் விலை தம்பி" என்றார். சரி என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் நாள் கூலி 2,500. மிக மோசமான இடத்தை மட்டும் திறந்து பார்ப்பது. உள்தகடும் கதவுத் தூணின் அடியும் ஸ்பிரிங் முனையும் போயிருந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு பாகங்களாக விற்றுவிடுவது. மொத்தச் செலவு 75,000-ஐத் தாண்டும் என்று தெரிந்தாலும் அப்படியே. இதை ஒரு தாளில் எழுதி சித்தப்பாவிடம் கையெழுத்தும் வாங்கினேன். சிரித்துக்கொண்டேதான் போட்டார். ஆனாலும் வண்டி பாதி வெட்டிக் கிடக்கும்போது யாருக்கும் நிதானம் இருக்காது, அதனால் முன்பே எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் முதல் வாரம் பாய் கிரைண்டரை வைத்தார். பெயிண்ட் பறந்தது, பட்டி வெள்ளையாகப் பறந்தது, ஒரு விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்குப் பின்னால் தகரம் வர வேண்டும். காகிதம் வந்தது. செய்தித்தாளைச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்து, அதன்மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். ஒன்பது வருட ஈரத்தில் பாதி களியாகியிருந்தது. ஒரு துண்டில் மட்டும் எழுத்து தெரிந்தது: கூட்டணி, தொகுதிப் பங்கீடு. 2016 மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலின் செய்தி. சித்தப்பா அந்தத் துண்டைத் தட்டி உதறி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஷாப் இப்போது அந்த இடத்தில் இல்லை, இருந்தாலும் போய் என்ன கேட்பது.

நல்ல செய்தியும் இருந்தது. தூணின் அடி கெட்டி. ஸ்பிரிங் முனையில் கம்பி பிரஷ் போட்டதும் பளபளவென்று இரும்பு தெரிந்தது. உள்தகட்டில் ஒன்றரை அடி நீளம் போயிருந்தது, அது நாங்கள் நினைக்காதது. கணக்குப் போட்டோம், எல்லைக்குள் இருந்தது. தொடரச் சொன்னோம்.

வேலை நடந்த விதத்தில் இரண்டு இடங்களில்தான் நான் தலையிட்டேன். ஒன்று, ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்ட் செய்யச் சொன்னது. இல்லையென்றால் வெட்டியதும் உடல் தொய்ந்துவிடும், அதே தொய்வில் புதுத் தகட்டை வைத்தால் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. பாய்க்கு அது ஏற்கெனவே தெரியும், நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். இரண்டாவது, கேஸ் வெல்டிங் வேண்டாம் என்றது. மெல்லிய தகரம் அந்தச் சூட்டில் நெளியும். பக்கத்துப் பட்டறையிலிருந்து, மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் சி.ஓ.டூ வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். ஓரிடத்தில் ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில். பொறுமையைச் சோதிக்கிற வேலை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்த பிறகுதான் தீயே பற்ற வைத்தார்.

தகடு 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு), கிண்டியில் ஒரு பெண்டிங் மெஷினில் மடித்தது. துருவின் மேலேயே ஒட்டுப்போடாமல் நல்ல இரும்பு வரும்வரை வெட்டித்தான் சேர்த்தோம். தன்னிடம் கிடந்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைப் போட்டால் துருவே பிடிக்காதே என்றார் பாய். துத்தநாகப் பூச்சை வெல்ட் செய்தால் வரும் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும், வெல்டும் சுத்தமாகப் பிடிக்காது. அதனால் வேண்டாம் என்றேன்.

வெட்ட முடியாத மேல்துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்தோம். பழுப்பாக இருந்த துரு கண் முன்னாலேயே கறுத்தது. அதில் இருக்கும் டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பான ஒரு பொருளாக மாறுகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். மேல்துருவுக்கு மட்டும்தான் இது. ஓட்டையை எந்த மையும் அடைக்காது.

கடைசியில் அடியில் வரிசையாக ஐந்து ஓட்டைகள் போட்டு, பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு அடித்தோம். லாரிக்காரர்கள் மாதிரி பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். ரப்பர் புஷ் ஊறிப்போகும், தரையெல்லாம் ஒழுகும் என்று மறுத்தேன்.

ஏழு நாள் என்றது பத்தொன்பது நாள் ஆனது. கூலி 38,000. ஷீட்டும் மடிப்பும் 6,800. பிரைமர், கன்வெர்ட்டர், மெழுகு 5,600. ஜி.பி. ரோட்டில் வாங்கிய கண்ணாடி பீடிங் 3,200. கழற்றியதோடு மாற்றிய ஸ்பிரிங் புஷ்களும் சில்லறையும் 7,800. ஆக 61,400. விற்பனை விலையோடு ஒப்பிட்டால் இது நஷ்டக் கணக்குதான். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அதே வயதில் வேறு எந்த வண்டியை இந்தக் காசுக்கு வாங்கினாலும் அதன் அடியை வெட்டிப் பார்த்திருக்க முடியாது என்பது மட்டும் என் பக்க வாதம்.

இப்போது

வலது ரன்னிங் போர்டு ரெட் ஆக்சைடு நிறத்திலேயே இருக்கிறது, மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நவம்பர், டிசம்பர் மழைக்குப் பிறகு ஜாக்கி வைத்துப் பார்த்தேன், நாணயங்கள் தாராளமாக நகர்ந்தன, கதவும் திறந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்ததில் தரை காய்ந்திருந்தது, ஃபெல்ட்டை நாங்கள் திரும்பப் போடவே இல்லை. மே மாதத்துக்கான பத்தாயிரத்தைச் சித்தி தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

சரி செய்யாமல் விட்ட இடது மட்கார்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம் இருக்கிறது. சித்தப்பா அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறார்: 2.10.25. போன வாரம் போனபோது கொப்புளம் கோட்டை ஒரு நெல் அளவு தாண்டியிருந்தது. அதற்கு வெளியே புதிதாக இன்னொரு கோடு, இன்னொரு தேதி.